இந்தக் கணக்கு மின்கலத்துக்கு மட்டும்

ரோஸ்விதா ஊலிக் ஓய்வு பெற்ற நாளில் ஆய்வுக்கூடத்துக்காரர்கள் அவளுக்கு ஒரு காப்பிக் கோப்பையைப் பரிசாகக் கொடுத்தார்கள். வெள்ளைக் கோப்பை. அதில் கறுப்பு எழுத்தில் ஒரே ஒரு வரி: "இந்தக் கணக்கு மின்கலத்துக்கு மட்டுமே பொருந்தும்."

கூடத்தில் இருந்த நாற்பது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? இருபத்திரண்டு வருடமாக அவள் கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு அறிக்கையின் அடியிலும் அந்த வரி இருந்தது. காருக்கான பேட்டரியோ கைக்கடிகாரத்துக்கானதோ, அது எத்தனை வருடம் உழைக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவள் வேலை. சொல்லிவிட்டுக் கடைசியில் இதை எழுதுவாள். இயக்குநர் ஹோல்ட்ஸ் ஒருமுறை கூப்பிட்டே கேட்டார்.

"மின்கலத்தப் பத்தின அறிக்கையில மின்கலத்துக்கு மட்டும்னு எதுக்கும்மா எழுதணும்? வேற எதுக்குப் பொருந்தும்னு படிக்கிறவன் நெனைக்கப் போறான், அடுப்புக்கா?"

"எடுத்துடறேன் சார்" என்றாள். அடுத்த அறிக்கையிலும் வரி இருந்தது. அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை.

விடைபெற்றுப் போகிறவர்தான் மற்றவர்களுக்குக் கேக் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் நாட்டு நியாயம். அவளும் எங்கள் சாக்சனிப் பக்கத்து மூன்றடுக்குக் கேக்கை மூன்று தட்டு சுட்டு, ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். அதை வெட்டக் கத்தியை எடுத்தபோது மரைக்கே என்ற இளம் வேதியியல்காரி, சிரித்த கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஊலிக் மேடம், இந்த வரிய முதமுதல்ல எந்த செல்லுக்கு எழுதினீங்க?"

கத்தி கேக்கின் மேல் அப்படியே நின்றது. மரைக்கே கேட்டதில் தப்பில்லை. யாராவது ஒருவர் இருபது வருடம் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்விதான் அது.

நாடு கிழக்கென்றும் மேற்கென்றும் இரண்டாக இருந்த காலத்தில் ரோஸ்விதா கிழக்கே, மலையடிவாரத்து ஊர் ஒன்றில் மின்கலத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். கீழ்த்தளத்தில் டார்ச் விளக்குக்கான சாதாரண பேட்டரிகள் ஓடிக்கொண்டிருக்கும். மூன்றாம் மாடியில் பதினோரு பேர் கொண்ட ஆய்வுக்கூடம். மேற்கிலிருந்து வாங்கக் காசும் இல்லை, அனுமதியும் இல்லை என்பதால், இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவிக்கான சின்ன மின்கலத்தை அவர்களே உருவாக்கினார்கள். ஒரு பக்கம் லித்தியம் தகடு, மறுபக்கம் அயோடின். ஒரு சொட்டுத் திரவம் கிடையாது. தீப்பெட்டியில் பாதி அளவு.

அயோடின் பட்டுப் பட்டு அவள் விரல் நுனிகள் எப்போதும் பழுப்பாக இருக்கும். கல்யாணத்துக்கு முன் எக்கார்ட் வீட்டுக்கு முதல்முறை போனபோது அவன் அம்மா அந்த விரலைப் பார்த்துவிட்டு, "பொண்ணு படிச்சதுதான். ஆனா சிகரெட் இப்படியா குடிக்கும்?" என்று மகனிடம் கேட்டாளாம். ரோஸ்விதா வாழ்நாளில் ஒரு சிகரெட்டைத் தொட்டதில்லை.

அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மருத்துவத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு மின்கலத்துக்கும், அதே தொகுதியில் அதே நாளில் செய்த இன்னொன்றை அங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். அதற்கு இரட்டை என்று பெயர். உடம்புச் சூடான முப்பத்தேழு டிகிரியில் ஓர் அலமாரி. அதற்குள் இரட்டைகள் வரிசையாக உட்கார்ந்து, யாரோ ஒருவரின் நெஞ்சுக்குள் இருக்கும் தங்கள் ஜோடி எவ்வளவு செலவழிக்குமோ அவ்வளவையே செலவழித்துக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பதை யாரும் எடுத்துப் பார்க்க முடியாது. வெளியே இருப்பதைப் பார்த்தால் உள்ளே இருப்பதன் நிலை தெரியும். திங்கட்கிழமை காலையில் ஒவ்வொன்றின் வோல்ட்டையும் அளந்து நோட்டில் எழுதுவது ரோஸ்விதாவின் பொறுப்பு.

எக்கார்ட் பேருந்து ஓட்டுநர். 1986 இலையுதிர் காலத்தில் ஒரு நாள் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அவனுக்குக் கண் இருட்டியது. பேருந்தை நிறுத்தத்தில் ஒழுங்காக நிறுத்தி, கை பிரேக்கை இழுத்து, கதவையும் திறந்துவிட்டு, அப்புறம்தான் மயங்கி விழுந்தான். அதைப் பற்றி அவனுக்குப் பெருமையோ பெருமை. "மயக்கம் வந்தது நாலு பதினேழுக்கு. அந்த நிறுத்தத்துக்கு நேரமும் நாலு பதினேழு" என்று யார் வந்தாலும் சொல்வான். இதயத்தில் மேலிருந்து கீழே சேதி போகும் வழியே அடைத்துவிட்டதாக மருத்துவர்கள் சொன்னார்கள். இனி ஒவ்வொரு துடிப்பும் கருவி கொடுத்தால்தான் உண்டு.

அறுவை முடிந்து அவனிடம் ஓர் அட்டை கொடுத்தார்கள். ரோஸ்விதா அதை வாங்கிப் பார்த்தாள். மின்கல எண் 14/206. அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன, கெட்ட சேதியா?" என்றான் எக்கார்ட்.

"இல்ல. இது எங்களோடது. பதினாலாம் தொகுதி. நான்தான் மூடி போட்டேன்."

"அப்போ என் நெஞ்சுக்குள்ள இருக்கிறது உன் கைவேலையா?"

"பதினோரு பேரோட வேலை."

"பதினோரு பேர்கிட்டயும் வாரண்டி கேப்பேன்."

"எட்டரை வருஷம். அதுக்கு மேல கேட்டு வந்தா கதவச் சாத்திடுவேன், சொல்லிட்டேன்."

மறுநாள் அலமாரியைத் திறந்தாள். மூன்றாவது தட்டில் 14/207 இருந்தது. அதற்குப் பிறகு திங்கட்கிழமைகளில் எல்லாவற்றையும் அளந்து முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் அதை அளப்பாள். நல்லதைக் கடைசியில் சாப்பிடுகிற மாதிரி.

அப்புறம் சுவர் விழுந்தது. நாடு ஒன்றானது. ஊரெல்லாம் பட்டாசு வெடித்தோம். ஒன்றரை வருடத்தில் தொழிற்சாலையை மூட ஆள் வந்தான். வந்தவன் சின்ன வயசுக்காரன், நல்ல கோட்டு, கையில் பட்டியல். நாற்காலி, தராசு, சுவர்க்கடிகாரம் என்று கண்ணில் பட்ட எல்லாவற்றிலும் எண் போட்ட ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே போனான். விட்டால் எங்கள் நெற்றியிலும் ஒட்டியிருப்பான்.

"இந்த அலமாரி வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்கு ஆஃப் ஆகும்மா" என்றான்.

"சார், உள்ள நூத்திப் பத்தொன்பது செல் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஜோடி ஒரு மனுஷன் நெஞ்சுக்குள்ள ஓடிக்கிட்டிருக்கு."

"அவங்க யாராவது இந்தத் தொழிற்சாலையில வேலை பாக்கறவங்களா?"

"என் புருஷன் ஒருத்தர். அவரும் பஸ் கம்பெனி."

"அப்போ என் பட்டியல்ல வராதும்மா" என்றான். அவன் கெட்டவன் இல்லை. உண்மையிலேயே பட்டியலில் அதற்கு இடம் இல்லை.

அந்தக் கடைசி வாரம் முழுக்க ரோஸ்விதா கடிதம் எழுதினாள். எந்த மருத்துவமனையில் எந்த எண், கடைசித் திங்களன்று வோல்ட் எவ்வளவு, எந்த வருடம் மாற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் தனியாக, எக்கார்ட்டுடையது போக நூற்றுப் பதினெட்டுக் கடிதம். ஏழு பதில் வந்தது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அலமாரி விளக்கு அணைந்தபோது 14/207 அவள் கோட்டுப் பையில் இருந்தது. ஆய்வுக்கூடத்தின் கருவி மெக்கானிக் லோத்தார் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தார். ஒரு துணிப்பையை நீட்டினார். உள்ளே வோல்ட் அளவி, நல்லது, துல்லியமானது.

"ஸ்டிக்கர் ஒட்டாத ஒண்ணு கெடந்துச்சு, டாக்டரம்மா."

"எல்லாத்துலயும் ஒட்டினானே?"

"இதுல ஒட்டின பசை சரியில்ல போல" என்றார் லோத்தார். அவர் நகத்தில் காகிதத் துணுக்கு இருந்தது.

மின்கலம் வீட்டுக்கு வந்தாகிவிட்டது. முப்பத்தேழு டிகிரிக்கு எங்கே போவது? அடுப்பு ஒத்துவரவில்லை. தயிர் உறைய வைக்கும் பெட்டி நாற்பத்திரண்டுக்குப் போனது. மூன்று நாள் அவள் வெப்பமானியும் கையுமாக அலைவதைப் பார்த்த எக்கார்ட், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்.

"கோழி என்ன பண்ணும்?"

"என்ன?"

"முட்டைய வச்சுக்கிட்டு வெப்பமானியத் தேடுமா? மேல உக்காரும், அவ்ளோதான்."

அவள் அவனை முறைத்தாள். பிறகு அவனுடைய பழைய பைஜாமாவை வெட்டி ஒரு சின்னப் பை தைத்தாள். மின்கலத்தையும், கருவி செலவழிக்கும் அளவுக்கே அதைச் செலவழிக்கவைக்கும் குட்டி மின்தடையையும் மெழுகில் மூடி உள்ளே வைத்தாள். இடப்பக்கத்துக் காறையெலும்புக்குக் கீழே, அவனுக்கு இருக்கிற அதே இடத்தில், உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். குளிக்கும்போது மட்டும் அதை எக்கார்ட் உள்ளங்கையில் மூடி வைத்திருப்பான். அடுத்த கோடையில் வடக்கே கடற்கரைக்குப் போனார்கள். எங்கள் பக்கத்தில் கடற்கரையில் ஒட்டுத்துணி இல்லாமல் படுப்பதுதான் வழக்கம், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ரோஸ்விதா மணலில் அந்தப் பையைத் தவிர வேறொன்றும் இல்லாமல் படுத்திருந்தாள். பக்கத்துக் குடும்பத்துக்காரி எட்டிப் பார்த்து, "அதுல என்னங்க, பணமா?" என்று கேட்டாள். "என் வீட்டுக்காரர்" என்றாள் ரோஸ்விதா. கேட்டவள் துண்டைச் சுருட்டிக்கொண்டு பத்தடி தள்ளிப் போய்ப் படுத்தாளாம். எக்கார்ட் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அப்படிச் சிரித்த நாட்களும் இருந்தன என்பதைச் சொல்லியாக வேண்டும். மற்றபடி அந்த நான்கு வருடம் அவளைத் தேய்த்துவிட்டது. வேலையில்லாதோர் அலுவலகத்தில் விண்ணப்பம் எழுதுவது எப்படி என்று ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். இருபத்து நான்கு வயசுப் பையன், முனைவர் பட்டம் வாங்கியவளுக்கு உறையில் தபால்தலையை எங்கே ஒட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தான். அப்புறம் ஊருக்கு வெளியே புதிதாக வந்த பெரிய கடையில் கல்லாவில் உட்கார்ந்தாள். "டாக்டரம்மா, பாலாடைக்கட்டி எந்த வரிசை?" என்று பழைய சகாக்கள் கேலியாகக் கேட்டால் வரிசை எண்ணைச் சொல்வாள். சிரிக்கவும் செய்வாள். விரல் நுனிகள் வெளுத்துவிட்டன. அதுதான் அவளை உறுத்தியது. இரவில் படுக்கையில் கையை விளக்கு வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்துவிட்டு, "யாரோட கையோ மாதிரி இருக்கு" என்பாள்.

அந்த நாட்களில் அவள் வேதியியல்காரியாக இருந்தது வாரத்தில் கால் மணி நேரம்தான். திங்கட்கிழமை காலை காப்பிக்கு முன்னால், சமையலறை மேசையில்.

1994 செப்டம்பரில் எண் இறங்கத் தொடங்கியது. இரண்டரைக்கு மேலே நிற்க வேண்டியது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்தது. அவள் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்தாள். நவம்பரில் பதினோரு புள்ளி சேர்ந்ததும் கோடு இழுத்தாள். மின்கலம் தீரும் அடிக்கோட்டை அது மார்ச் நடுவில் தொட்டது. அதே மாதம் இன்னொன்றும் நடந்தது. தெற்கே ஐந்நூறு கிலோமீட்டரில் ஒரு மின்கல ஆய்வுக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. ஏப்ரல் முதல் தேதி வேலைக்கு வரச் சொல்லி. அவள் அதைப் படித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

நவம்பர் கடைசியில் இருவரும் மாவட்ட மருத்துவமனைக்குப் போனார்கள். இதயப் பிரிவில் பிரென்னக்கே என்று மேற்கிலிருந்து வந்த மருத்துவர், மரியாதையான மனிதர். பேட்டரியின் நிலை தெரிய எக்கார்ட்டின் நெஞ்சில் காந்தத்தை வைத்துத் துடிப்பை எண்ணினார்.

"பேட்டரி வயசாகுது. மாத்திடலாம். டிசம்பர் ஆறாம் தேதி எனக்கு இடம் இருக்கு. இல்லேன்னா பண்டிகையெல்லாம் முடிஞ்சு ஜனவரி பத்து."

எக்கார்ட் நிமிர்ந்து உட்கார்ந்தான். "பத்து! பத்துதான் டாக்டர்."

அவனுக்குக் காரணம் இருந்தது. ஊர் சர்ச்சின் ஊதுகுழல் குழுவில் அவன் டிராம்போன் வாசிப்பவன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறும் வாசிப்பு. கிறிஸ்துமஸ் மாலை கோபுரத்தின் மேல் ஏறி நான்கு திசைக்கும் ஊதுவார்கள். அறுவை முடிந்தால் ஆறு வாரம் இடது கையைத் தூக்கக்கூடாது. குழலைப் பிடிப்பது இடது கைதான். பேருந்து வேலை போன பிறகு அவனுக்கு மிச்சம் இருந்தது அந்தக் குழல் ஒன்றுதான்.

"ரோசி, நீ சொல்லேன்" என்றான்.

மருத்துவர் அவள் பக்கம் திரும்பினார். "ஆமா, நீங்கதானே இந்த செல்லையே செஞ்சவங்க? கடிதம்கூட எழுதியிருந்தீங்க. பழைய ஃபைல்ல பாத்தேன். நீங்க என்ன சொல்றீங்க, டாக்டர்?"

டாக்டர் என்றார். கேலியில்லாமல், ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் கேட்பதுபோல். நான்கு வருடமாக யாரும் அவளிடம் பாலாடைக்கட்டியின் வரிசையைத் தவிர வேறெதையும் கேட்டதில்லை. அவள் கைப்பையைத் திறந்து கட்டம் போட்ட தாளை எடுத்து மேசையில் விரித்தாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை அவள் பின்னாளில் மறைத்ததே இல்லை.

"மார்ச் நடு வரைக்கும் ஓடும். ஒரு வாரம் முன்னப் பின்ன."

"அவ்ளோ உறுதியா?"

"இரட்டை என்கிட்ட இருக்கு" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

பிரென்னக்கே தாளை நெடுநேரம் பார்த்தார். "அழகான வேலை" என்றார். ஜனவரி பத்து என்று எழுதினார்.

கிறிஸ்துமஸ் மாலையில் பனி முழங்கால் வரை கிடந்தது. கோபுரத்தின் மேலிருந்து குழல்கள் ஊதின. கீழே சந்தையில் ஊரே நின்று கேட்டது. ரோஸ்விதா கோட்டுக்குள் கையை விட்டுப் பையைப் பொத்திக்கொண்டு நின்றாள். எந்தச் சத்தம் எக்கார்ட்டுடையது என்று அவளுக்குத் தெரியும். கடைசிச் சுரத்தை மற்றவர்களைவிட ஒரு நொடி அதிகமாக இழுப்பான். அன்றும் இழுத்தான்.

ஜனவரி இரண்டு திங்கட்கிழமை. அளந்தாள். 2.41. கோட்டின் மேலேயே உட்கார்ந்தது. மறுநாள் செவ்வாய். நடைபாதைப் பனியைத் தள்ளும் முறை அந்த வாரம் அவர்கள் வீட்டுக்கு. அவனை விடாமல் அவளே மண்வாரியை எடுத்துக்கொண்டு கீழே போனாள். அவன் சமையலறையில் டிராம்போனைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். "உப்பு தூவிட்டு வா, போன முறை கீழ்வீட்டுக் கிழவன் குறை சொன்னான்" என்றான். அவள் தள்ளி, உப்பும் தூவிவிட்டு மேலே வந்தபோது அவன் மேசையில் தலை சாய்த்திருந்தான். கையில் துணி இருந்தது. தண்ணீர்க் கெண்டி அடுப்பில் இன்னும் கூவிக்கொண்டிருந்தது.

அவளுக்கு முதலில் என்ன செய்யத் தோன்றியது தெரியுமா? அவனை உலுக்கினாள், கூப்பிட்டாள், ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். எல்லாம் செய்துவிட்டு, அவர்கள் வந்து சேர்வதற்குள், பையை அவிழ்த்து 14/207ஐ அளந்தாள். 2.41. அதை நினைத்து அவள் பிற்பாடு வெட்கப்பட்டாள். வெட்கப்பட ஒன்றுமில்லை. தான் அவனைக் கொன்றுவிட்டேனா என்று அந்த நிமிடமே தெரிய வேண்டியிருந்தது அவளுக்கு. இரட்டை நன்றாக இருந்தது. ஆனால் 206?

எரிப்பதற்கு முன் பேஸ்மேக்கரை உடம்பிலிருந்து எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் உலையில் வெடிக்கும். அந்த வேலையைப் பார்த்தவரிடம் ரோஸ்விதா அது தனக்கு வேண்டும் என்றாள். அவர் இருபது வருட அனுபவத்தில் இப்படி ஒருவர் கேட்டதில்லை என்றார். கொடுக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை என்றார். கடைசியில் ஒரு படிவம் கண்டுபிடித்தார். அவள் இரண்டு பிரதியில் கையெழுத்துப் போட்டு, பழுப்பு உறையை வாங்கிக்கொண்டு, நேரே லோத்தாரின் கார் கொட்டகைக்குப் போனாள். அது ஜனவரி பன்னிரண்டு. லோத்தார் அப்போது டயர்க் கடையில் இருந்தார், ஆனால் கொட்டகையில் பழைய கருவிகளெல்லாம் இருந்தன. பசை சரியில்லாதவை.

"முதல்ல ஓடுதான்னு பாக்கலாம்" என்றார். கருவியில் ஒட்டியிருந்த துண்டுக் கம்பியைத் தொடாமல், அது வந்து சேரும் வாயிலேயே முள் அளவியை வைத்தார்.

முள் துள்ளியது. ஒரு நொடி நின்றது. மறுபடி துள்ளியது.

எக்கார்ட் போய் ஒன்பது நாளாகியிருந்தது. அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. மேசையில் அவன் தலை சாய்ந்தபோதும், குளிர்ப்பெட்டியிலும், உறைக்குள்ளும், ஒரு நொடிக்கு ஒருமுறை அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

லோத்தார் நகைக்காரர்கள் வைத்திருக்கும் மெல்லிய ரம்பத்தால் கூட்டை அறுத்தார். மின்கலத்தை எடுத்து அவளிடம் கொடுத்தார். மூடியின் ஓரத்தில் அவள் கையால் பொறித்த எண். அளந்தாள். 2.41. பையிலிருந்ததை எடுத்து அதன் பக்கத்தில் வைத்து அளந்தாள். 2.41.

"டாக்டரம்மா!" லோத்தார் ஏறக்குறையக் கத்தினார். "உங்க மேல தப்பே இல்ல. பாருங்க, எண் பிசகல!"

அவள் அந்தத் துண்டுக் கம்பியைக் காட்டினாள். கருவியிலிருந்து இதயத்துக்குப் போகும் கம்பி. எடுத்தவர் இரண்டு விரல்கடை விட்டு வெட்டியிருந்தார். லோத்தார் கண்ணில் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கருவிக்கு வெளியே, கம்பி வளையும் இடத்தில், மேலுறை தேய்ந்து வாய் பிளந்திருந்தது. உள்ளே கம்பி அறுந்திருந்தது.

"இது ஒரே நாள்ல ஆனதில்ல" என்றார். "உறை தேய மாசக்கணக்காகியிருக்கும். தொறந்து பாத்திருந்தா எவனுக்கும் கண்ணுல பட்டிருக்கும். இதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க, நீங்க கம்பிய செய்யல, செல்லைத்தானே..."

அவர் பாதியில் நிறுத்தினார். திறந்து பார்த்திருந்தால். டிசம்பர் ஆறாம் தேதி திறந்திருப்பார்கள். திறக்க வேண்டாம், மார்ச் வரை நேரம் இருக்கிறது என்று சொன்னது யார் என்று ஊருக்கே தெரியும்.

"கம்பிக்கு நாம இரட்டை வைக்கல, லோத்தார்" என்றாள் ரோஸ்விதா.

கணக்கு தப்பாகப் போயிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். தப்பு செய்தவளுக்கு மன்னிப்பு என்று ஒன்று இருக்கிறது. இவள் சரியாகச் சொல்லியிருந்தாள். சரியாகச் சொன்னதற்கு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? லோத்தார் ரம்பத்தைக் கீழே வைத்தார். பதினான்கு வருடம் டாக்டரம்மா என்று தவிர வேறெதுவும் அழைத்திராதவர், "ரோஸ்விதா, வீட்டுக்குப் போகாத. இங்கயே சாப்பிடு" என்றார். அவள் அன்று அங்கேதான் சாப்பிட்டாள்.

பைஜாமாத் துணி கொஞ்சம் மிச்சம் இருந்தது. இன்னொரு பை தைத்தாள். 206க்கும் அதே மாதிரி மின்தடையை மாட்டி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டிக்கொண்டாள். கல்லாவிலும் அவற்றோடுதான் உட்கார்ந்தாள். குளிக்கும்போது வாங்கி வைத்திருக்க ஆளில்லாததால் வெந்நீர்ப் பைக்கு அடியில் வைத்துவிட்டுப் போவாள். திங்கள்தோறும் இரண்டையும் அளந்தாள். எண்கள் ஒன்றுக்கொன்று விலகாமல் கூடவே இறங்கின. எதற்காகச் செய்கிறாய் என்று லோத்தாரின் மனைவி கேட்டதற்கு, "முடியற வரைக்கும் பாத்துக்கணும்" என்று மட்டும் சொன்னாள். மார்ச் பதிமூன்றாம் தேதி காலையில் இரண்டும் அந்த அடிக்கோட்டுக்குக் கீழே போயின. நோட்டில் தேதியையும் எண்ணையும் எழுதினாள். எப்போதும் அதோடு மூடிவிடுவாள். அன்று அடியில் இன்னொரு வரியும் எழுதினாள். அப்புறம் மேசையில், அவன் தலை சாய்த்திருந்த இடத்தில் தலையை வைத்து, வாய்விட்டு அழுதாள். அவன் போன பிறகு அவள் அப்படி அழுதது அதுதான் முதல்முறை.

ஏப்ரல் முதல் தேதி தெற்கே வேலைக்குப் போனாள். போன ஒரு மாதத்தில் விரல் நுனிகள் மறுபடி கறைபட்டன, இந்தமுறை கார்பன் கறுப்பு. மடிக்கணினிக்கான மின்கலம், பிறகு காருக்கானது என்று உலகம் எங்கெங்கோ போனது. அவளுடைய கணக்கு பெயர் பெற்றது. ஊலிக் சொன்னால் வாரம் பிசகாது என்பார்கள். மாதம் ஒருமுறை ரயிலேறி ஊருக்கு வந்து அவன் அஸ்தியைப் புதைத்த கல்லறையைத் துப்புரவாக்கிவிட்டுப் போவாள். கிறிஸ்துமஸ் மாலையில் மட்டும் வரமாட்டாள்.

இதையெல்லாம் ஆய்வுக்கூடத்தில் ஒருவரிடமும் சொன்னதில்லை. அறிக்கையில் எழுதினாள். அவ்வளவுதான்.

கத்தி கேக்கின் மேல் நின்றுகொண்டிருந்தது. மரைக்கே பதிலுக்குக் காத்திருந்தாள்.

"பழைய ஒரு செல்லு" என்றாள் ரோஸ்விதா. "பதினாலாம் தொகுதி."

"அதுக்கும் கணக்கு போட்டீங்களா மேடம்?"

"போட்டேன். மார்ச் நடுவுலன்னு சொன்னேன்."

"எப்ப முடிஞ்சுது?"

"மார்ச் பதிமூணு."

"பாத்தீங்களா! அந்தக் காலத்துலயே!" என்று ஹோல்ட்ஸ் எழுந்துவிட்டார். நாற்பது பேரும் கை தட்டினார்கள். நெடுநேரம் தட்டினார்கள். ரோஸ்விதாவின் இடது கை காறையெலும்புக்குக் கீழே போய், அங்கே ஒன்றும் இல்லாததால், சட்டையை மட்டும் பிடித்துக்கொண்டது. கைதட்டல் ஓய்ந்ததும் அவள் எல்லோருக்கும் நன்றி சொன்னாள். ஓரத்துத் துண்டு யாருக்கு வேண்டும் என்று கேட்டாள்.